அர்ச்சுனன் மரமேறும் முன்

அத்தியாயம் 6

துப்பறியும் நிலையம் என்றதும் கண்ணாடிக் கதவும் சுழல் நாற்காலியும் வைத்த ஆபீஸை நினைத்துவிட வேண்டாம். ஒசூர் பாகலூர் ரோட்டில் ஒரு பஞ்சர் கடைக்கு மேலே ஒற்றை அறை, அவ்வளவுதான். அந்த அறைக்கு எஜமானி பவளம். ஊத்தங்கரைக்காரி, நாற்பத்தைந்து வயது, பேச்சில் படு சிக்கனம். அவளுக்கு உதவியாளன், டிரைவர், டீ வாங்கி வருகிறவன் எல்லாமே சம்பங்கி. பெயரைக் கேட்டுவிட்டுப் பூக்காரியைத் தேடுகிறவர்கள் வெளியூர்க்காரர்களாக இருப்பார்கள். இந்தப் பக்கத்தில் மீசை வைத்த சம்பங்கிகள் தெருவுக்கு ஒருவர் உண்டு.

எந்தக் கேஸாக இருந்தாலும் சம்பங்கியின் வாய்க்கு ஓய்வு கிடையாது. இந்த ஒரு கேஸில்தான் மத்தியானத்துக்கு மேல் அது தானாகவே மூடிக்கொண்டது.

காலையில் நன்றாகத்தான் இருந்தான். பழைய மாருதியைப் பேரிகை ரோட்டில் விரட்டிக்கொண்டே, "அக்கா, ஒரு சந்தேகம்" என்றான். "பையனைக் காணோம்னு அப்பன் போன் பண்றாரு. சரி. ஆனா போய்ப் பாக்கறது நாம மட்டும்தானாம். அவரு ஊர் எல்லைய தாண்ட மாட்டாராம். இது என்னா நியாயம்?"

"காப்புக் கட்டியிருக்காருடா."

"கட்டட்டும். மஞ்சக் கயிறுதான? போலீஸ் விலங்கா?"

"அந்த ஊர்ல விலங்குதான்" என்றாள் பவளம்.

பேரிகைக்குப் பக்கத்தில் மல்லப்பகொட்டாய் என்று ஒரு ஊர். வருஷா வருஷம் அங்கே பாரதக் கூத்து விழா நடக்கும். பதினெட்டு நாள், திறந்த மைதானம், முழு பாரதம். சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் சேர்ந்து ஒரு கமிட்டி போட்டு நடத்துகிறார்கள். ஒருநாள் தமிழ்க் கூத்து ஜமா ஆடும், மறுநாள் குப்பத்திலிருந்து தெலுங்குக்காரர்கள், அதற்கடுத்த நாள் மாலூரிலிருந்து கன்னடக்காரர்கள். பாஞ்சாலி மூன்று பாஷையிலும் அழுவாள். கூட்டமும் மூன்றிலும் புரிந்துகொண்டு கூடவே அழும். ஒசூர்க் கம்பெனிகளில் அந்த நாட்களில் லீவு கேட்பவர்களில் பாதிப் பேர் பீமனாகவோ சகுனியாகவோ இருப்பார்கள்.

வேஷம் கட்டுகிறவர்களுக்கும் கமிட்டித் தலைவருக்கும் முதல் நாளே அம்மன் சன்னதியில் வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டுவார்கள். கட்டினபின் கவிச்சி கிடையாது, க்ஷவரம் கிடையாது, தீட்டு வீட்டுப் பக்கம் தலைவைக்கக் கூடாது, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அன்றைக்குத் தபசு நாள். மைதானத்தின் நடுவே நட்டிருந்த உயரமான மரத்தில் அர்ச்சுனன் வேஷக்காரர் பாடிக்கொண்டே ஏறி, உச்சிப் பரணில் உட்கார்ந்து தவம் செய்து, எலுமிச்சம்பழங்களைக் கீழே வீச வேண்டும். பிள்ளையில்லாத பெண்கள் விரதமிருந்து ஈரச் சேலையோடு மரத்தடியில் முந்தானை ஏந்தி நிற்பார்கள். அந்த அர்ச்சுனன்தான் போன் செய்தவர். பெயர் திம்மப்பன்.

மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு உள்ளே களம், அம்மன், பந்தல், வேஷக்காரர்கள். வெளியே ஜனமும் கடைகளும். கமிட்டித் தலைவர் கோவிந்தப்பன் கயிற்றுக்கு வெளியே நின்று உள்ளே இருந்தவர்களை ஏவிக்கொண்டிருந்தார். ஹாலோ பிளாக் கம்பெனி வைத்திருக்கிற பெரிய மனிதர், திம்மப்பனுக்குப் பெரியப்பா மகன், வகையில் அண்ணன். வலது கையில் பட்டையான வாட்ச்.

"தலைவரே வெளிய நிக்கறீங்க, உங்களுக்கே டிக்கெட் கெடைக்கலீங்களா?" என்றான் சம்பங்கி.

"உள்ள வெயிலப்பா" என்றார் கோவிந்தப்பன்.

பந்தல் உள்ளே இருந்தது. வெயில் வெளியேதான் இருந்தது. பவளம் அதைக் கவனித்துக்கொண்டு, திம்மப்பனின் பையன் முனிராஜைப் பற்றிக் கேட்டாள்.

"அவன் எங்கம்மா காணாம போனான்! தெக்கத்திப் பொண்ணு ஒண்ண கூட்டிக்கினு பெங்களூரு போயிட்டான். நல்ல நேரம் பாத்து வருவான். எங்க திம்மன்தான் சும்மா பயந்துக்கறான்."

மைக் செட் பக்கத்தில் அறிவிப்புச் செய்யும் அசோக்குமாரிடம் கேட்டார்கள். பெங்களூர் போயிருக்கிறான், நல்ல நேரம் பார்த்து வருவான் என்றான். விழாச் சமையல்காரி மாரம்மாவிடம் கேட்டார்கள். அவள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு எடுத்து, பெங்களூர் போயிருக்கிறான், நல்ல நேரம் பார்த்து வருவான் என்றாள். வேஷக்காரர்கள் இரண்டு பேரிடம் கேட்டதற்குத் தெரியாது என்றார்கள்.

"அக்கா, மூணு பேரும் ஒரே வாத்தியார் கிட்ட வசனம் படிச்சிருக்காங்க" என்றான் சம்பங்கி. "ஒரு எழுத்து மாறல. வேஷம் கட்டறவங்க எவ்வளவோ தேவலை, சொந்தமா ரெண்டு வார்த்த போட்டு அடிப்பாங்க."

"வேஷம் கட்டறவங்க யாரும் அதைச் சொல்லல, கவனிச்சியா? கமிட்டிக்காரங்க மட்டும்தான் சொல்றாங்க."

திம்மப்பன் கயிற்றுக்கு உள்ளே ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து பச்சை அரிதாரம் குழைத்துக்கொண்டிருந்தார். மற்ற நாட்களில் கிரானைட் யார்டில் கல் ஏற்றுகிறவர். அகலமான தோள், ஒட்டிய கன்னம். இவர்களைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார்.

"திங்கக்கெழம சாயங்காலம் ஷிப்டு முடிச்சிட்டு வண்டில வரேன்னு சொன்னானுங்க. திருவிழாவுக்கு லீவு போட்டிருந்தான். வரல. இன்னிக்கி வியாழக்கெழம. அவன் போன் ஆப்ல இருக்குது."

"பொண்ணு கூடப் போயிட்டான்னு சொல்றாங்களே?"

"சொல்றாங்க." அரிதாரத்தைக் குழைத்தபடியே இருந்தார். "மோகனப்ரியான்னு ஒரு பொண்ணுங்க. எங்கிட்ட எப்பவோ சொல்லிட்டான். திருவிழா முடியட்டும், நானே அவங்க வூட்ல வந்து பேசறேன்னேன். அப்பறம் எதுக்குங்க ஓடணும்?"

பெண் இருக்கும் இடத்தைச் சொன்னார். அரிதாரக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அம்மா இல்லாத புள்ளைங்க. சின்ன வயசுலருந்தே தனியா படுக்கமாட்டான். இப்பக்கூட ஒசூர்ல ரூம்ல நாலு பேரு கூடத்தான் இருக்கான்." பையிலிருந்து ஒரு புது வேட்டியை எடுத்துப் பவளத்திடம் நீட்டினார். "திருவிழாக் கடையில என் கையால வாங்கினது. அவனைப் பாத்தா குடுத்துடுங்க. நான் மரம் ஏறறதுக்குள்ள போய்ப் பாத்துட்டு வந்துடுங்க, தாயி."

"மரம் ஏறறதுக்கு முன்னால உங்களுக்குப் பதில் சொல்றேங்க" என்று பவளம் வாக்குக் கொடுத்தாள்.

காரில் ஏறியதும் சம்பங்கி ஆரம்பித்தான். "ஜீன்ஸ் பேண்ட்டு போடற பையனுக்கு எட்டு முழ வேட்டி! இதுக்கு பயந்துதான் ஓடியிருப்பான்."

இந்த வார்த்தையை நினைத்துப் பின்னால் அவன் எத்தனையோ நாள் வெட்கப்பட்டிருக்கிறான்.

ஒசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லைன் வீடு. "பெங்களூருல இருக்கற பொண்ணு இங்க கதவைத் தொறந்தா எனக்கு மொட்டை போடுங்க" என்று சொல்லிக்கொண்டே சம்பங்கி தட்டினான். கதவு திறந்தது. கம்பெனி யூனிபார்மோடு ஒரு பெண் நின்றாள். வேலைக்குக் கிளம்பி, கிளம்ப முடியாமல் உட்கார்ந்துவிட்டவள் என்று பார்த்தாலே தெரிந்தது. இமை இரண்டும் வீங்கியிருந்தன.

"நீதான் மோகனப்ரியாவா? முனிராஜ் எங்கம்மா?" என்றாள் பவளம்.

"என்னைய ஏங்க்கா கேக்குறீக? அவுக மாமன் மகளைப் போய்க் கேளுங்க!"

"எந்த மாமன் மக?"

"ஊர்ல அவுகளுக்குக் கல்யாணம் பேசி முடிச்சாச்சாம். செவ்வாக்கெழம அவுக பெரியப்பாருன்னு ஒருத்தர் வந்து சொல்லிட்டுப் போனாரு. இனிமே போன் பண்ணாத, ஊர்ப் பக்கம் வந்துறாதன்னாரு." பல்லைக் கடித்தாள். "எங்க ஊரு விருதுநகர்ப் பக்கம்க்கா. பொழைக்க வந்த இடத்துல இப்படி ஒருத்தரை நம்பிட்டேனேன்னு எங்கம்மாகிட்டகூடச் சொல்ல முடியல. ஆனா ஒண்ணுக்கா. என்கிட்ட அதைச் சொல்லும்போது அந்தப் பெரியவரும் அழுதாரு. அதுதான் எனக்கு வெளங்கல."

"அவர் வலது கையில மஞ்சக் கயிறு கட்டியிருந்தாரா?"

"கயிறெல்லாம் இல்லையே. வாட்ச்சுதான் கட்டியிருந்தாரு. வலது கையில கட்டியிருக்காரேன்னு பாத்தேன்."

பவளம் அந்தப் பெண்ணின் தோளில் கையை வைத்தாள். அவள் யார் தோளையும் தொட்டு சம்பங்கி பார்த்ததில்லை. "செருப்பு மாட்டிக்கினு வாம்மா. எங்ககூட ஒரு எடத்துக்கு வரணும்."

மோகனப்ரியா வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்த நேரத்தில், கார் பக்கத்தில் நின்று சம்பங்கி கிசுகிசுத்தான்.

"என்னாக்கா நடக்குது? ஊர்ல கேட்டா பொண்ணோட ஓடிட்டான்னாங்க. பொண்ணைக் கேட்டா ஊர்ல கல்யாணங்குது. ரெண்டும் கோவிந்தப்பன் சொன்னது. ஒரு ஆளு எப்படிக்கா ரெண்டு பக்கமும் பொய் சொல்வான்? பையன் ஒரு போன் போட்டா ரெண்டும் ஒடைஞ்சிடுமே?"

"அதேதான். ஒடையாதுன்னு அவருக்குத் தெரியும்."

சம்பங்கிக்கு உடனே புரியவில்லை. அல்லது புரிந்துகொள்ளப் பிடிக்கவில்லை.

"முனிராஜ் போன் பண்ணமாட்டான்னு தெரிஞ்ச ஆளுதான் இப்படி ரெண்டு பொய் சொல்ல முடியும்" என்றாள் பவளம். "இன்னொண்ணு. காப்புக் கட்டின தலைவரு செவ்வாக்கெழம எல்லைய தாண்டி ஒசூர் வந்திருக்காரு. அப்படின்னா அதுக்கு முன்னாலயே காப்பு அறுத்தாச்சு. ரத்த சொந்தத்துல சாவுன்னு காதுல விழுந்தா காப்பை அறுத்துட்டு, களத்துக்கு வெளிய வந்துடணும். அவங்க வழக்கம் அது. அறுத்த எடம் தெரியக் கூடாதுன்னு வாட்ச்சைக் கை மாத்திக் கட்டியிருக்காரு. பந்தல் நெழலை உட்டுட்டு வெயில்ல நின்னதும் அதனாலதான்."

"அக்கா..."

"ஆஸ்பத்திரிக்கு வுடு."

அதன்பிறகு நடந்ததை விரிவாகச் சொல்ல மனம் வரவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் பாகலூர் தாண்டி, ரோட்டில் பழுதாகி நின்ற ஒரு லாரியின் பின்னால் முனிராஜின் பைக் மோதியிருந்தது. அவன் போனில் இருந்த பெரியப்பா நம்பருக்குப் போலீஸ்காரர்கள் பேசியிருக்கிறார்கள். பெரியப்பா வந்து அடையாளம் காட்டிவிட்டு, அப்பா வெளியூரில் இருக்கிறார், வியாழக்கிழமை சாயங்காலம் வருவார், அதுவரை வைத்திருங்கள் என்று கெஞ்சிவிட்டுப் போயிருக்கிறார். பிணவறைக் காவலாளி இவ்வளவையும் மெதுவாகச் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார்.

மோகனப்ரியா உள்ளே நுழைந்தாள். பக்கத்தில் போய் அவன் நெற்றியிலிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"ரெண்டு நாளா வாய்க்கு வந்தபடி வைஞ்சேனேக்கா" என்றாள். "நாசமாப் போகன்னுகூடச் சொன்னேன். அப்ப இவுக இங்கன கெடந்தாகளா? நான் வைஞ்சப்பெல்லாம் இங்கனதான் கெடந்தாகளா?"

பவளம் புது வேட்டியைப் பிரித்தாள். ஒரு முனையைப் பார்த்தாள், மறு முனையைத் திருப்பிப் பார்த்தாள். என்ன தேடுகிறாள் என்று சம்பங்கிக்குத் தெரியவில்லை. பிறகு வேட்டியை மோகனப்ரியாவிடமே கொடுத்தாள். அவள் அதைத் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை போர்த்தி, ஓரங்களை இழுத்துச் சரிசெய்தாள்.

"நீ வீட்டுக்குப் போறியாம்மா? கொண்டுபோய் உடறோம்."

"இல்லக்கா. அவுக அப்பா வாறவரைக்கும் நான் எந்திரிக்கமாட்டேன்." கதவோரத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

வண்டி மறுபடி பேரிகை ரோட்டில் ஓடியது. சம்பங்கிக்கு ஒரே ஒரு கேள்விதான் மண்டையைக் குடைந்தது. பவளம் கொடுத்த வாக்கு என்ன ஆவது? இந்தச் சேதியைக் கேட்டுவிட்டு ஒரு மனிதன் அவ்வளவு உயர மரத்தில் எப்படி ஏறுவான்?

மைதானத்தில் மேளம் ஆரம்பித்திருந்தது. மரத்தைச் சுற்றி ஈரச் சேலையோடு பெண்கள். கோவிந்தப்பன் அதே இடத்தில் கயிற்றுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். பவளம் நேராக அவரிடம் போனாள்.

"மணி என்னாங்க?"

பழக்கதோஷம். அவர் இடது கையைத் தூக்கிப் பார்த்தார். அங்கே வாட்ச் இல்லை. அந்தக் கை அப்படியே நின்றது.

"ஆஸ்பத்திரிலருந்து வரோம்" என்றாள் பவளம்.

பெரிய மனிதர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். சத்தம் வெளியே வராமல் தோள் மட்டும் குலுங்கியது. கொஞ்சம் தெளிந்ததும் களத்தைக் காட்டினார்.

"அந்தப் பொம்பளைங்கள பாரும்மா. எங்கெங்கருந்தோ வந்திருக்காங்க. விரதம் இருந்து, தண்ணியக்கூட அளந்து குடிச்சி. பாதில நின்னா ஊருக்கே ஆவாதும்மா. மரம் ஏறி எறங்கிட்டா அர்ச்சுனன் வேஷக்காரன் காப்பு அவிழ்த்துடலாம். அதுவரைக்கும் திம்மன் காதுல விழக் கூடாதுன்னு நாங்க மூணு பேருமா முடிவு பண்ணோம். அப்பறம் நானே அவன் கால்ல விழுந்து சொல்றேன். என்னைக் கொன்னாலும் சரி."

"அந்தப் பொண்ணு என்னா பாவம் பண்ணுச்சு?"

"அது ஊருக்குள்ள வந்து அழுதுட்டா எல்லாம் தெரிஞ்சு போவுமேன்னு..."

"அழக் கூடாதுன்னு அவனை வெறுக்க வெச்சுட்டீங்க. செத்தவனை ரெண்டு நாள் வைஞ்சுக்கினு இருந்திருக்கா. அதை நீங்க எந்தக் காப்பைக் கட்டித் தீப்பீங்க?" பவளத்தின் குரல் உயர்ந்து சம்பங்கி கேட்டதே இல்லை. இப்போது உயர்ந்தது. "மனுஷங்க அத்தனை பேரு கிட்டயும் பொய் சொன்னீங்க. அம்மன் கிட்ட மட்டும் முடியல. அதான் வெயில்ல நிக்கறீங்க."

"தீட்டோட அவ கண்ணு முன்னால எப்படிம்மா போவேன்?" என்றார் கோவிந்தப்பன். "தாயி, உன் கால்ல வேணா விழறேன். அவன் எறங்கற வரைக்கும் சொல்லிடாத. கை நடுங்கினா அவனும் போயிடுவான்."

சம்பங்கிக்கும் அதே பயம்தான். "அக்கா, இந்த ஒரு தடவை வாக்கு தப்பினா தப்பட்டுங்க்கா" என்று முணுமுணுத்தான். கயிற்றைத் தாண்ட ஒரு காலைத் தூக்கினான். பவளம் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பிணவறைலருந்து வரோம். நாம உள்ள போகக் கூடாது."

அதற்குள் அர்ச்சுனன் புறப்பட்டுவிட்டார். முகம், மார்பு, கை எல்லாம் பச்சை. தலையில் சடைமுடி, தோளில் எலுமிச்சம்பழ மூட்டை. முன்னால் மேளம். மரத்தை நோக்கிப் போனவர், பவளத்தைப் பார்த்ததும் மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கயிற்றோரம் வந்தார். கோவிந்தப்பன் நாலடி தள்ளிப் போய்த் திரும்பி நின்றுகொண்டார்.

"உள்ள வரலீங்களா?" என்றார் திம்மப்பன்.

"இல்லீங்க. இங்கயே நிக்கறோம்."

அவர் அவர்கள் காலைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். "பாத்தீங்களா?"

"பாத்தோங்க."

"துணி?"

"குடுத்தாச்சு. போத்தியாச்சு."

சம்பங்கி பவளத்தைத் திரும்பிப் பார்த்தான். அக்கா வாய் தவறிவிட்டாளா?

"தனியா இருக்கானா?"

"இல்லீங்க. மோகனப்ரியா கூட இருக்குது. நீங்க வர்ற வரைக்கும் எழுந்திருக்கமாட்டேன்னு பக்கத்துலயே உக்காந்திருக்குது."

பச்சை அரிதாரத்துக்கு அடியில் அவர் தாடை ஒருமுறை ஏறி இறங்கியது. "போதுங்க தாயி. வேற ஒண்ணும் சொல்லிடாதீங்க." மரத்தடிப் பெண்களைத் திரும்பிப் பார்த்தார். "அவங்கம்மா இதே மரத்தடில நின்னு வாங்கின புள்ளைங்க அவன். இவங்கள எப்படிங்க வெறுங்கையோட அனுப்பறது?"

கும்பிட்டுவிட்டுப் போனார். மேளம் மறுபடி எழுந்தது.

"அக்கா," என்றான் சம்பங்கி, "அவருக்குத் தெரியுமா?"

"செவ்வாக்கெழமலருந்தே தெரியும்டா. அண்ணன் களத்துக்கு வெளிய நின்ன அன்னிக்கே. பங்காளிங்க அத்தனை பேரும் கண்ணு முன்னால இருக்காங்க. இல்லாதது ஒருத்தன்தான். அப்பன் கணக்குப் போட்டுப் பாக்காம இருப்பானா?"

"அப்பறம் எதுக்கு நம்மள தேடச் சொன்னாரு?"

"தேடுங்கன்னு அவரு சொல்லவே இல்ல. பாத்துட்டு வாங்கன்னுதான் சொன்னாரு." பவளம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஊரே மஞ்சளா இருக்குது. நல்ல காரியத்துக்குத் துணி எடுத்தா முனையில மஞ்சள் வைக்காம யாராவது குடுப்பாங்களா? அந்த வேட்டியில ஒரு பொட்டு மஞ்சள் இல்ல. அது செத்தவங்களுக்குப் போத்தற கோடித் துணிடா. காதால கேட்டாத்தான் தீட்டு. அதனால யாரையும் வாயத் தொறந்து கேக்கல. எல்லையும் தாண்ட முடியாது. புள்ள அங்க தனியா கெடக்கறானேன்னு துணைக்கு ஒரு ஆளை அனுப்பணும், கமிட்டிக்காரங்கள அனுப்ப முடியாது. நம்மள அனுப்பினாரு."

திம்மப்பன் ஏறினார். மரத்தில் படியாக அடித்திருந்த கட்டைக்குக் கட்டை ஒரு பாட்டு. ஒரு கட்டையில் காலை வைத்து நின்று பாடுவார், மேளம் வாங்கிக்கொள்ளும், அடுத்த கட்டைக்குப் போவார். குரல் ஒரு இடத்திலும் பிசிறவில்லை. சம்பங்கி பாதி மரம் வரைதான் பார்த்தான், பிறகு தலையைக் குனிந்துகொண்டான். கோவிந்தப்பன் மட்டும் இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். உச்சிப் பரணில் உட்கார்ந்து, கும்பிட்டு, தவம் முடித்து, மூட்டையை அவிழ்த்தார். பழங்கள் விழுந்தன. பெண்கள் முந்தானையை விரித்து ஓடினார்கள். பழம் கிடைத்த ஒருத்தி அதை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்து விம்மினாள். கிடைக்காத ஒருத்தி மேலே பார்த்துக் கூப்பிட, அர்ச்சுனன் இன்னொரு பழத்தை எடுத்துக் குறிபார்த்து அவளுக்கென்றே போட்டார். மூட்டை காலியாகும்வரை அவர் இறங்கவில்லை.

இறங்கியதும் அம்மன் முன்னால் விழுந்து கும்பிட்டார். பூசாரி காப்பை அவிழ்த்தார். சடைமுடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கூட்டம் காலைத் தொட வந்ததையெல்லாம் ஒதுக்கிக்கொண்டு, திம்மப்பன் கயிற்றைத் தாண்டி வெளியே வந்தார். நேராகக் கோவிந்தப்பன் எதிரே போய் நின்றார்.

"இப்ப சொல்லுண்ணா."

கோவிந்தப்பன் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். "திம்மா..." என்றார். "நம்ம முனிராஜு..." என்றார். அதற்குமேல் நகரவில்லை.

"சொல்லுண்ணா. என் காதால கேக்கணும்."

"நம்ம முனிராஜு செத்துட்டான்டா."

மூன்று நாளாகத் தெரிந்த சேதிதான். ஆனாலும் திம்மப்பன் அப்போதுதான் அதைக் காதால் கேட்டார். நெஞ்சில் யாரோ எட்டி உதைத்ததுபோல் பின்னால் சாய்ந்தார். "எப்பண்ணா?" என்று கேட்டார், "எங்கண்ணா?" என்று கேட்டார், எதுவுமே தெரியாதவர்போல எல்லாவற்றையும் கேட்டார், கேட்டுக் கேட்டுத் தரையில் அடித்துக்கொண்டு அழுதார். கோவிந்தப்பன் காலில் விழப்போக, அவரைப் பிடித்துத் தூக்கித் தன் மேலேயே சாய்த்துக்கொண்டு அழுதார். மேளம் அடித்தவர்கள் கம்பைக் கீழே போட்டார்கள். மரத்தடியில் பழத்தோடு நின்ற பெண்களுக்கு விஷயம் மெல்லப் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொருத்தியாக வந்து கயிற்றோரம் நின்றார்கள், கிட்டே வரவும் தெரியாமல், போகவும் மனசில்லாமல்.

பவளம் காரின் முன்கதவைத் திறந்துவிட்டாள். அரிதாரத்தைக் கழுவக்கூட யாரும் அவரிடம் சொல்லவில்லை. பச்சை முகத்தில் கண்ணீர் ஓடின இடங்கள் மட்டும் மனிதத் தோலாக இருந்தன. கோவிந்தப்பன் பின்சீட்டில் பவளத்துக்குப் பக்கத்தில் ஏறி, முன்சீட்டில் இருந்தவரின் தோளைப் பிடித்துக்கொண்டார். சம்பங்கி வண்டியை எடுத்தான். ஊர் எல்லைக் கல் பின்னால் போனது.

பேரிகை நெருங்கும்போது திம்மப்பன் கேட்டார்.

"அந்தப் பொண்ணு ஏதாச்சும் சாப்டுச்சாங்களா?"

சம்பங்கி கண்ணாடியில் பவளத்தைப் பார்த்தான். காலையிலிருந்து அத்தனை துப்புகளையும் கண்டுபிடித்தவர்களுக்கு அந்தப் பெண்ணிடம் இதைக் கேட்கத் தோன்றவில்லை.

"கேக்கலீங்க" என்றான் மெதுவாக.

"கொஞ்சம் நிறுத்துப்பா."

பேரிகைக் கடைத்தெருவில் வண்டி நின்றது. சம்பங்கி இறங்கி ஓடி இட்லி கட்டிக்கொண்டு வந்தான். திம்மப்பன் பொட்டலத்தைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஒசூர் போய்ச் சேருகிற வரையில், அது ஆறிவிடாமல், இரண்டு கையாலும் பொத்திக்கொண்டே வந்தார்.